டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவது எப்படி? கூடவே கைகளைப் பற்றியும் கொஞ்சம்

1/


இன்னைக்கு கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. சர்க்கரை, பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆளுக்கு பாத்திரம் கழுவுற மெஷின்கிட்ட என்ன வேலைன்னு கேப்பீங்க. ஓபியில தினமும் பாக்குற கைகள்தான் காரணம்.

2/
நகத்தைச் சுத்தி வீங்கி, அமுக்கினா வலிக்கிற நகச்சுத்து. விரல் இடுக்கு வெளுத்து ஊறிப்போய் வர்ற சேத்துப்புண். உள்ளங்கை காய்ஞ்சு, வெடிச்சு, மிளகாய் பட்டா எரியிற தோல் அழற்சி. இந்த மூணோட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டா "வீட்டு வேலைதான்" அல்லது "நாலு வீட்ல பாத்திரம் துலக்குறேன்".

நம்ம தோலுக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு. பாத்திரத்துல இருக்குற எண்ணெயை எடுக்குற சோப்பு இதையும் சேர்த்தே எடுத்துடும். ஒருநாள் எடுத்தா உடம்பு சரி பண்ணிக்கும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, முப்பது வருஷம் எடுத்தா?

களிம்பு எழுதிக் கொடுத்துட்டு, "ரெண்டு வாரம் தண்ணியில கை வைக்காதீங்கம்மா"ன்னு சொல்லுவோம். அந்த அம்மா சிரிப்பாங்க. "அப்ப பாத்திரத்தை யாரு டாக்டர் கழுவுவா?"

அந்தக் கேள்விக்கு எங்க மருந்தகத்துல மாத்திரை கிடையாது.

3/
இன்னொரு விஷயமும் சொல்வாங்க. "ரேஷன் கடையில ரேகை விழ மாட்டேங்குது டாக்டர்."

வருஷக்கணக்கா சோப்பு, சாம்பல், கம்பி நார்ல தேய்ஞ்ச விரல்ல கோடுகள் மங்கிப்போகும். அழற்சி வந்து தோல் உரிஞ்சா இன்னும் மோசம். மெஷின் மேல விரலை வச்சு வச்சு எடுக்கணும். பாத்திரம் கழுவுறதை "அது ஒரு வேலையா"ன்னு கேக்குறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

4/
இப்போ அடுத்த பக்கம்.

2020 ஊரடங்குல வேலைக்கு ஆள் வர முடியாமப் போனப்ப நிறைய நடுத்தர வீடுகள்ல டிஷ்வாஷர் வாங்கினாங்க. அதுல பல மெஷின் இன்னைக்கு மேல துணி போட்டு, ஊறுகாய் ஜாடி வைக்கிற மேடையா நிக்குது. கேட்டா நாலு பதில் வரும்.

"நம்ம ஊரு எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் அது ஒத்துவராது."
"கழுவின பிறகும் வெள்ளை வெள்ளையா படியுது."
"மூணு மணி நேரம் ஓடுது, கரண்ட் பில்லு எகிறிடும்."
"கழுவிட்டுத்தான் உள்ள வைக்கணும்னா எதுக்கு மெஷினு?"

நாலுக்கும் பதில் இருக்கு. ஒவ்வொண்ணா பாப்போம்.

5/
முதல்ல ஒரு சின்ன வரலாறு.

இதை வேலைக்கு ஆகுற மாதிரி செஞ்சு காட்டினது ஒரு பெண். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன். 1883-ல் கணவர் கடனை விட்டுட்டு இறந்துட்டார். வீட்டுக்குப் பின்னால இருந்த கொட்டகையில ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வச்சுக்கிட்டு மெஷினைச் செஞ்சார். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைச்சது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில பரிசும் கிடைச்சது.

அவர் செஞ்ச முக்கியமான காரியம் என்ன தெரியுமா? தன் வீட்டுத் தட்டு, கப், சாசர் எல்லாத்தையும் அளந்து, அந்த அளவுக்குக் கம்பியில தனித்தனி அறைகள் செஞ்சார். தேய்க்கிறதை விட்டுட்டு, தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவ வச்சார்.

இன்னைக்கு உங்க வீட்டு மெஷினும் அடிப்படையில இதேதான். ரேக்குல இருக்குற கம்பிகள் தட்டையான பீங்கான் தட்டை மனசுல வச்சு வந்தது. நம்ம கிண்ணம், குண்டான், டபரா, இட்லிப் பானை எல்லாம் அதுல தானா உக்காராது. உக்கார வைக்கத் தெரியணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

6/
மனசுல நிறுத்த வேண்டிய ஒரே விஷயம் இதுதான்:

டிஷ்வாஷர் தேய்க்காது. தண்ணியை எறியும். தண்ணி நேரா போய் அடிக்காத இடம் சுத்தமாகாது.

சுத்தம் செய்ய நாலு விஷயம் வேணும்னு ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னார். வேகம், சூடு, சோப்பு, நேரம். ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணைக் கூட்டணும்.

கையால கழுவும்போது தேய்க்கிற வேகம் அதிகம். ஆனா கை தாங்குற சூடு 45 டிகிரி வரைக்கும்தான். சோப்பும் கைக்கு ஏத்த அளவு காரம்தான் இருக்க முடியும். மெஷினுக்குக் கை கிடையாது. அதனால 60, 70 டிகிரி வெந்நீர், கடும் காரமான சோப்பு, மணிக்கணக்கில் நேரம்னு ஈடு கட்டும். நம்ம ஊரு எண்ணெய்ப் பிசுக்கு இந்தச் சூட்டுல உருகிப் போயிடும். ஆக, முதல் புகாருக்கு பதில்: ஒத்துவரும். தண்ணி படுற மாதிரி அடுக்கினா.

7/
உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி: வழிக்கணும். கழுவக் கூடாது.

கறிவேப்பிலை, கடுகு, முருங்கைச் சக்கை, மீன் முள், சோத்துப் பருக்கை எல்லாத்தையும் குப்பையில வழிச்சுப் போட்டுடுங்க. இதெல்லாம் ஃபில்டரை அடைக்கும். கடுகு நைசா தண்ணி பீச்சுற ஓட்டைக்குள்ள போய் உக்காந்துடும்.

ஆனா குழாயைத் திறந்து பளபளன்னு கழுவிட்டு வைக்க வேண்டாம். சோப்புல மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கிற என்சைம்கள் இருக்கு. நம்ம வயித்துல சோறும் பருப்பும் செரிக்கிற அதே மாதிரி வேலை. ரசம், சாம்பார், குழம்புக் கறையை அதுங்க பாத்துக்கும்.

விதிவிலக்கு மூணு. அடிப்பிடிச்ச பால் பாத்திரம், காய்ஞ்சுபோன இட்லி மாவு, கருகின சட்டி. இதை அரை மணி நேரம் ஊற வச்சு, சுரண்டிட்டு வைங்க.

8/
கீழ் ரேக்: பெரிய பாத்திரம், அதிக அழுக்கு.

சாப்பாட்டுத் தட்டுகளை நிமித்தி, ஒண்ணை ஒண்ணு தொடாம, அழுக்குப் பக்கம் நடுவைப் பாக்குற மாதிரி நிறுத்துங்க. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும்.

குக்கர் உள்பாத்திரம், குண்டான் (எவர்சில்வரா இருந்தா) வாய் கீழ பாத்து, கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கணும். தண்ணி கீழ இருந்து மேல பீச்சும். வாய் மேல பாத்து வச்சா அழுக்குத் தண்ணி குளம் மாதிரி தேங்கி நிக்கும்.

ஒரு பாத்திரத்துக்குள்ள இன்னொண்ணைக் கவுத்தாதீங்க. அலமாரியில இடம் மிச்சம் பிடிக்க அது நல்ல பழக்கம். இங்க உள்ள இருக்குறது கழுவப்படாது.

கம்பிகளை மடக்க முடியும்னு நிறைய பேருக்குத் தெரியாது. அசைச்சுப் பாருங்க. பல மாடல்ல கீழ் ரேக் கம்பி மடங்கும். மேல் ரேக்கை ஏத்தி இறக்கலாம். குண்டானுக்கு இடம் அப்படித்தான் கிடைக்கும்.

9/
மேல் ரேக்: டம்ளர், டபரா, கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா.

டம்ளரைக் கம்பி மேல சொருகாம, ரெண்டு கம்பிக்கு நடுவுல சாய்ச்சுக் கவுத்துங்க. சொருகினா கம்பி படுற இடத்துல தடம் நிக்கும். அடிப்பக்கம் குழிவா இருக்குற டம்ளர்ல தண்ணி தேங்கும். சாய்ச்சு வச்சா வழிஞ்சிடும்.

பிளாஸ்டிக் எப்பவும் மேலதான். பல மெஷின்கள்ல அடியிலதான் சூடு அதிகம், கீழ வச்சா நெளியும். சின்ன மூடி, லேசான டப்பாவைக் கிண்ணங்களுக்கு நடுவுல சொருகி வைங்க. இல்லன்னா தண்ணி வேகத்துல பறந்து நிமிர்ந்து, முடியிறப்ப தண்ணி நிறைஞ்சு நிக்கும்.

10/
கரண்டி, ஸ்பூன், கத்தி.

எல்லா ஸ்பூனையும் ஒரே திசையில போட்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு படுத்துக்கும். சிலது மேல, சிலது கீழன்னு கலந்து போடுங்க. நீளக் கரண்டி, ஜல்லிக் கரண்டியை மேல் ரேக்குல படுக்க வைங்க.

கத்தி, முள்கரண்டி மட்டும் எப்பவும் முனை கீழ பாத்துதான். இதுக்கு சுத்தம் காரணம் இல்ல. திறந்து கிடக்குற கதவு சரியா ஒரு தவழுற குழந்தையோட உயரத்துல இருக்கு. நிமிர்ந்து நிக்கிற கத்தி மேல குழந்தை விழுந்தா என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியதில்ல.

11/
மூடுறதுக்கு முன்னாடி பத்து வினாடி.

ரேக்குக்குக் கீழ விசிறி இறக்கை மாதிரி ஒண்ணு சுத்தும். தண்ணி பீச்சுறது அதுதான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கும். ரெண்டையும் கையால ஒரு சுத்து சுத்தி விடுங்க. ஏதாவது கரண்டிக் காம்பு, பாத்திர விளிம்பு இடிக்குதா?

இடிச்சா மொத்த லோடும் வீண். மெஷின் மூணு மணி நேரம் ஓடும், தண்ணி ஒரே இடத்துல அடிச்சுக்கிட்டு இருக்கும். மறுநாள் "மெஷின் சரியில்ல"ன்னு சர்வீஸுக்கு போன் போகும்.

கதவுல இருக்குற சோப்பு மூடியையும் பாருங்க. பெரிய தட்டு அதை மறைச்சு நின்னா மூடி திறக்காது, சோப்பு அப்படியே கல்லா கிடக்கும்.

12/
உள்ள வைக்கவே கூடாதவை:

அலுமினியம் – இட்லித் தட்டு, கடாய், பழைய குக்கர். காரமான சோப்பு பட்டா கறுத்துடும்.
இரும்பு – தோசைக்கல், பணியாரக்கல். பாட்டி காலத்துல இருந்து பழக்கின எண்ணெய்ப் பூச்சு போய், காலையில துரு நிக்கும்.
ஈயச்சொம்பு, பித்தளை, செம்பு.
மத்து, பூரிக்கட்டை, மரக்கரண்டி.
மண்சட்டி, கல்சட்டி. சோப்பை உறிஞ்சிக்கும்.
நான்ஸ்டிக்: அடியில டிஷ்வாஷருக்கு ஏத்ததுன்னு போட்டிருந்தா மட்டும்.
மிக்ஸி ஜார், குக்கர் கேஸ்கெட், வெயிட்: கையாலேயே கழுவிடுங்க.

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் தைரியமா வைங்க. நம்ம வீட்டுல மூணுல ரெண்டு பங்கு எவர்சில்வர்தானே!

13/
ரெண்டாவது புகார்: வெள்ளைப் படிவு.

அது சோப்பு இல்ல. உங்க போர் தண்ணியோட சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்துல அடியில படியுமே, அதேதான். சந்தேகம்னா அந்த டம்ளரை வினிகர்ல துடைச்சுப் பாருங்க. போனா சுண்ணாம்பு. போகலன்னா கண்ணாடி அரிச்சுப் போச்சு, அது திரும்பாது.

இதுக்குத்தான் மெஷினோட அடியில உப்புத் தொட்டி இருக்கு. உள்ள ஒரு பிசின், தண்ணியில இருக்குற கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். பிசின் நிறைஞ்சதும் உப்புத் தண்ணி அதைக் கழுவி மறுபடி தயார் பண்ணும். உப்பு பாத்திரத்துல படாது, சாப்பாட்டுல சேராது. பிரஷர் நோயாளிகள் பயப்பட வேண்டாம்!

சமையல் தூள் உப்பு போடாதீங்க. அதுல கட்டி பிடிக்காம இருக்கச் சேர்க்குற பொருளும், நைசான தூளும் அடைக்கும். டிஷ்வாஷர் உப்புன்னே பரல் பரலா கிடைக்குது. மெஷினை ஓட விடுறதுக்கு சற்று முன்னாடி போடுங்க. சிந்தின உப்பு உள்ளேயே கிடந்தா துரு பிடிக்கும்.

முக்கியமா, உங்க தண்ணியோட கடினத்தன்மையை மெஷின்ல செட் பண்ணணும். வாங்கின அன்னைக்கு இருந்த அமைப்புலேயே பல வீட்ல ஓடுது. கையேட்டைப் பாத்து ஒருமுறை மாத்துங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

14/
சோப்பு: டிஷ்வாஷருக்கான பொடி அல்லது மாத்திரை மட்டும். கையால துலக்குற சோப்புத் திரவத்தை ஒரு ஸ்பூன் ஊத்தினாலும் நுரை பொங்கி சமையலறைத் தரைக்கு வந்துடும்.

ரின்ஸ் எய்டுன்னு ஒரு திரவம் தனியா ஊத்தணும். தண்ணி முத்து முத்தா நிக்காம, படலமா வழிஞ்சு ஓட வைக்கும். காயிறது இதனாலதான். முடிஞ்சதும் கதவை ஒரு கை அளவு திறந்து விடுங்க, நீராவி வெளியேறும். எடுக்கும்போது கீழ் ரேக்கை முதல்ல காலி பண்ணுங்க. மேல இருந்து சொட்டுற தண்ணி கீழ விழாது.

15/
மூணாவது புகார்: மூணு மணி நேரம், கரண்ட்.

மெஷின்ல கரண்ட் பெரும்பாலும் தண்ணியைச் சூடு பண்ணத்தான் போகுது. ஈகோ புரோகிராம்ல சூடு குறைவு, அதுக்கு ஈடா நேரம் அதிகம். மேல சொன்ன நாலு விஷயக் கணக்கு ஞாபகம் இருக்கா? அதனால நீளமா ஓடுறதுதான் சிக்கனம். ராத்திரி போட்டுட்டு படுத்துடுங்க. எண்ணெய்ச் சட்டி, பிரியாணிப் பாத்திரத்துக்கு மட்டும் இன்டென்சிவ்.

தண்ணி? புது மெஷின்கள் ஒரு லோடுக்கு சுமார் 10 லிட்டர்தான் எடுக்கும். உங்க சிங்க் குழாயை ஒரு நிமிஷம் திறந்து வாளியில பிடிச்சு அளந்து பாருங்க. எத்தனை நிமிஷம் திறந்து கழுவுறீங்கன்னு பெருக்கிக்கோங்க. ஆனா மெஷின் நிறைஞ்ச பிறகு ஓட விட்டாத்தான் இந்தக் கணக்கு. நாலு டம்ளருக்காக ஓட விடாதீங்க.

16/
வாரம் ஒருமுறை அடியில இருக்குற ஃபில்டரைத் திருகி எடுத்து, குழாயில காட்டி, பழைய பல் துலக்குற பிரஷால தேய்ங்க. நம்ம சமையலுக்கு வாரம் ரெண்டு முறைன்னாலும் தப்பில்ல. நாத்தம் வருதுன்னு சொல்றவங்க வீட்ல பெரும்பாலும் குற்றவாளி இந்த ஃபில்டர்தான். கதவு ரப்பர் இடுக்கையும் துடைச்சு விடுங்க.

17/
இப்போ டாக்டரா ஒரு கண்டிப்பான பேச்சு.

டிஷ்வாஷர் சோப்பு கடும் காரம். சாதாரண சோப்பு மாதிரி நினைக்காதீங்க. பளிச்சுன்னு கலர் கலரா, மிட்டாய் மாதிரி மாத்திரை. குழந்தை வாயில போட்டா வாய், உணவுக்குழாய் வெந்து போகலாம்.

பூட்டின அலமாரியில, உயரத்துல வைங்க. சோப்பு போட்ட உடனே கதவை மூடுங்க.

தவறிப்போய் குழந்தை கடிச்சுட்டா: வாயில மிச்சம் இருக்குறதை எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, வாயைத் தண்ணியால அலசுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. காரத்தை முறிக்கிறேன்னு எலுமிச்சை, புளித்தண்ணி கொடுக்காதீங்க. கண்ல பட்டா ஓடுற தண்ணியில 15 நிமிஷமாவது கழுவுங்க. அந்த பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. 108 இருக்கு.

18/
கிருமி பத்தி ரெண்டு வார்த்தை.

மாசக்கணக்கா ஈரமா கிடக்குற ஸ்க்ரப்பரை விட சூடான மெஷின் சுத்தம்தான். ஜெர்மனியில 2017-ல் வெளியான ஆய்வுல, பயன்படுத்தின சமையலறைப் பஞ்சுல கோடிக்கணக்கில் பாக்டீரியா இருந்ததைக் காட்டினாங்க. அதனால ஸ்க்ரப்பரைக் காய வைங்க, அடிக்கடி மாத்துங்க.

இன்னொரு பக்கம், 2015-ல் ஸ்வீடன்ல ஒரு ஆய்வு. கையால பாத்திரம் கழுவுற வீட்டுக் குழந்தைகளுக்கு அலர்ஜி குறைவா இருந்ததுன்னு சொன்னாங்க. இது வாட்ஸ்அப்ல "டிஷ்வாஷரால் ஆபத்து"ன்னு சுத்தும். அது ஒரு தொடர்பு மட்டும்தான், காரணம்னு நிரூபிக்கப்படல. அதை நம்பி அம்மாவைத் திரும்ப சிங்க்குக்கு அனுப்ப வேண்டாம்.

19/
மெஷின் இல்லாதவங்களுக்கு. நாட்டுல பெரும்பாலான வீடு இதுதான்.

ரப்பர் கையுறைக்குள்ள மெல்லிசா பருத்திக் கையுறை போட்டுக்கோங்க. முடிஞ்சதும் விரல் இடுக்கைத் துணியால ஒத்தி எடுங்க. மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு கழுவுங்க, அதுக்கடியில சோப்பு தங்கும். படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெயோ வாசலினோ நல்லாத் தடவுங்க. நகச்சுத்துல ஊசி வச்சுக் குத்தாதீங்க. சர்க்கரை இருக்குறவங்க விரல் வீங்கினா நாள் கடத்தாதீங்க.

உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்கு இந்தக் கையுறையை நீங்களே வாங்கிக் கொடுங்க. மெஷின் வாங்கிட்டா அவங்க சம்பளத்துல கை வைக்காதீங்க. அலுமினியமும் இரும்பும் அவங்க கைக்குத்தான் இன்னும் போகுது. வேலை குறைஞ்சதுன்னா கை கொஞ்சம் ஆறட்டும். நீங்க கொடுக்குற அதே பணத்துலதான் அவங்க களிம்பு வாங்குறாங்க.

20/
நாலாவது புகார்தான் எனக்கு முக்கியம்: "இதையெல்லாம் பாத்து அடுக்குறதுக்கு நானே கழுவிடுவேன்."

இதைச் சொல்றது எப்பவும் அம்மாதான். ஏன்னா வீட்ல எல்லாரும் சாப்பிட்ட தட்டை சிங்க்ல போட்டுட்டுப் போயிடுறாங்க. வழிக்கிறது, அடுக்குறது, ஃபில்டர், உப்பு எல்லாம் அவங்க தலையில. அப்புறம் மெஷின் அவங்களுக்கு இன்னொரு வேலைதான்.

அதனால விதி இப்படி இருக்கட்டும். அவங்கவங்க தட்டை அவங்கவங்க வழிச்சு, அவங்கவங்க ரேக்குல வைக்கணும். பத்து வயசுப் பிள்ளைக்கும் முடியும். உப்பும் ஃபில்டரும் அப்பா பொறுப்பு. கடைசியா சாப்பிடுறவர் இறக்கையைச் சுத்திப் பாத்து, சோப்பு போட்டு, பொத்தானை அமுக்கணும். காலையில முதல்ல காபி கேக்குறவர் பாத்திரத்தை எடுத்து அடுக்கணும்.

துணி போட்டு மூடி வச்சிருக்குற மெஷின் இருந்தா, இன்னைக்கு ராத்திரி அந்த ஊறுகாய் ஜாடியை இறக்கி வச்சுட்டு, உப்பு இருக்கான்னு பாருங்க. ஃபில்டரைக் கழுவுங்க. ஒரு லோடு போட்டுப் பாருங்க.

படிச்சுட்டு உங்க வீட்டுல தட்டை சிங்க்ல போட்டுட்டுப் போறவருக்கு இதை அனுப்பி வைங்க.

– அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.